சேலைப் பிரிவுக்கு ஒரு பெஞ்சு

ஜவுளிக்கடையில் சேலை விற்க நல்ல வாய் வேண்டும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். வேண்டியது நல்ல கால். வாயையாவது மத்தியானச் சாப்பாட்டோடு கொஞ்சம் மூடி வைக்கலாம். காலுக்குக் கடை அடைக்கிற வரைக்கும் விடுதலை கிடையாது. ஷட்டர் தூக்குவதற்கு முன்னால் வந்து நிற்க வேண்டும், கடைசிக் கஸ்டமர் பையோடு படி இறங்கும் வரை நிற்க வேண்டும், நடுவில் ஆளே இல்லாவிட்டாலும் நிற்க வேண்டும். மாதா கோயில் பூசையில்கூட நற்செய்திக்கு எழுந்து நிற்கச் சொன்னால் பிரசங்கத்துக்கு உட்காரச் சொல்லிவிடுவார்கள். எங்களுக்குப் பிரசங்கமும் நின்றபடிதான், அதுவும் ஃப்ளோர் மேனேஜர் வாயால்.

என் பெயர் ஆரோக்கியமேரி. தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் திண்டுக்கல்லில் இந்த வேலைக்கு வந்தேன். இரண்டாயிரம் பிறந்த பிறகும் அதே வேலைதான், கடை மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. “ஏன் ஓரிடத்தில் நிலைக்க மாட்டேன் என்கிறாய்?” என்று என்னைக் கேட்காத சொந்தக்காரர் இல்லை. டிக்கெட் கிழிக்கிற கண்டக்டர்கள், வார்டில் நிற்கிற நர்ஸம்மாக்கள், கரும்பலகைக்கு முன்னால் நிற்கிற டீச்சர்கள் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். இதை அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் உட்கார்ந்து படிக்கலாம்.

கால் பரீட்சை

முதல் கடைக்கு வேலை கேட்டுப் போன அன்று பத்தாவது மார்க், பங்குச் சாமியாரின் சிபாரிசு எல்லாவற்றையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு போனேன். கல்லாவில் இருந்த பெரியவர் ஓரமாக நிற்கச் சொன்னார். அதோடு சரி. ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம் வந்தது, துணி எடுத்தது, போனது. டீ வந்தது, அவர் குடித்தார். என்னை மறந்துவிட்டார் என்று முதலில் நினைத்தேன், பிறகு வேண்டுமென்றே செய்கிறார் என்று கோபம் வந்தது. ஆனால் வேலையோடுதான் திரும்புவேன் என்று வீட்டில் வாய் விட்டுச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். அதனால் சுவரில்கூடச் சாயாமல் நின்றேன்.

மத்தியானம் சாப்பிடக் கிளம்பும்போது என் பக்கம் வந்தார். நான் பையைத் திறந்தேன். அவர் மார்க்கையும் பார்க்கவில்லை, சிபாரிசையும் பார்க்கவில்லை, என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. குனிந்து என் பாதத்தைப் பார்த்தார்.

“காலு தாங்குது. நாளைக்கே வந்துரும்மா.”

பின்னாலேயே வந்த அக்கா

எங்கள் தொழிலில் வருஷப் பிறப்பு தீபாவளிக்கு மறுவாரம்தான். போனஸ் கைக்கு வந்ததும் பாதிப் பெண்கள் வேறு கடைக்குப் போய்விடுவார்கள். அங்கே தலைக்கு மேல் ஃபேன் இருக்கிறதாம், இங்கே சாயங்காலம் வடை தருகிறார்களாம், இன்னொரு கடையில் கூட்டம் இல்லாதபோது உட்கார விடுகிறார்களாம் என்று பேச்சுக் கிளம்பும். அந்தக் கடைசிப் பேச்சை நம்பித்தான் நான் ஒவ்வொரு தடவையும் மாறினேன். போய்ப் பார்த்தால் ஃபேன் இருக்கும், வடையும் இருக்கும், உட்கார மட்டும் இடம் இருக்காது. அங்கே இருக்கிற பெண்களோ, என் பழைய கடையில் உட்கார விடுவதாகக் கேள்விப்பட்டு அங்கே போகக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள்.

இப்படி மூன்றாவது கடையில் இருந்தபோது வடமதுரையிலிருந்து ஒரு அக்கா வந்தார். நான் எடுத்துக் கொடுக்கும் சேலைதான் அவருக்குப் பிடிக்கும். என்னைக் கண்டதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். முதல் கடையில் என்னைத் தேடியிருக்கிறார், இல்லை. இரண்டாவது கடைக்குப் போயிருக்கிறார், அங்கேயும் இல்லை. வெயிலில் அலைந்த கோபம் முழுவதையும் என்மேல் இறக்கிவிட்டு, கடைசியில் ஒரு பூப்போட்ட வாயில் சேலையை எடுத்துக்கொண்டார்.

“ஏத்தா, அடுத்து எந்தக் கடைன்னு இப்பவே சொல்லிப்புடு. பொங்கலுக்கு நேரா அங்கிட்டே வந்துர்றேன்.”

கீழ்த் தட்டு

எல்லாக் கடையிலும் சேலை அலமாரிக்குக் கீழ்த் தட்டு என்று ஒன்று உண்டு. தரையை ஒட்டி இருக்கும். அதிலிருந்து சேலை எடுக்க வேண்டுமென்றால் குத்தவைத்து உட்கார வேண்டும். கவுண்டருக்குப் பின்னால் அப்படி உட்கார்ந்தால் வெளியிலிருந்து ஆளே தெரியாது. உங்களுக்குச் சேலை காட்டுகிற பெண் அடிக்கடி குனிந்து மறைந்துபோனால், உங்களுக்குப் பிடித்த நிறத்தைத் தேடுகிறாள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். உண்மையைச் சொல்லி உங்கள் மனதை நோகடிக்க விரும்பவில்லை.

இந்த வித்தையில் பாண்டியம்மாளை மிஞ்ச ஆளில்லை. சேவுகம்பட்டிக்காரி. வத்தலக்குண்டு வந்து, அங்கிருந்து பஸ்ஸிலும் நின்றுகொண்டே திண்டுக்கல் வருவாள். நான் மாறிய கடைக்கெல்லாம் அவளும் மாறினாள். அவள் மாறிய கடைக்கெல்லாம் நானும் போனேன். ஒரு நாள் மாம்பழ மஞ்சள் கேட்ட கஸ்டமருக்காகக் கீழ்த் தட்டில் குனிந்தவள், அப்படியே அலமாரியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். நான் வேறொருவருக்குச் சேலை விரித்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. அந்த அம்மாள் கொஞ்ச நேரம் காத்திருந்தார், இருமிப் பார்த்தார், கடைசியில் கவுண்டர்மேல் சாய்ந்து எட்டிப் பார்த்தார். மேனேஜரைக் கூப்பிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவரோ குரலைத் தாழ்த்தி, தொட்டிலில் இருக்கிற பிள்ளையிடம் பேசுவதுபோலச் சொன்னார்.

“அம்மாடி, மஞ்சள் இல்லாட்டிப் போகுது. மேனேஜரு வாராரு, எந்திரி.”

உட்கார்ந்து பார்த்த வேலை

ஒரு மழைக்காலத்தில் பாண்டியம்மாளுக்குக் காலில் நரம்பு சுருண்டு நீலம் பாரித்தது. ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். டாக்டரம்மா அவள் காலைப் பார்த்துவிட்டுக் கேட்காமலேயே என் காலையும் பார்த்தார். இரண்டு பேரும் உட்கார்ந்து செய்கிற வேலையாகத் தேடிக்கொள்ளுங்கள் என்றார். பாண்டியம்மாள் வீட்டில் அவள் சம்பளத்தை நம்பி மாமியாரும் படிக்கிற பிள்ளைகளும் இருந்தார்கள். அவளால் அப்படியெல்லாம் தேட முடியவில்லை. நான் தேடினேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் உட்கார வைத்தார்கள்.

உட்கார்ந்தேன். அம்மாடி, என்ன சுகம். முதல் வாரம் முழுக்கக் காலை ஆட்டிக்கொண்டே இருந்தேன். அதற்குப் பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. வருகிறவர்கள் எல்லோரும் கண்ணாடிக் கூண்டுக்குள் போய் யாரிடமோ பேசினார்கள். என்னிடம் பேச ஒருவரும் இல்லை. இந்த நிறம் உங்களுக்கு எடுக்கும் அக்கா, இந்தப் பார்டரைப் பாருங்கள் அத்தை என்று பேசியே வளர்ந்தவள் நான். தாங்க முடியாமல், மதுரைக்கு போன் போட்டுவிட்டு வெளியே வந்த ஒரு அம்மாளிடம் அவர் சேலைக்கு ரவிக்கை பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் முறைத்துவிட்டுப் போனார். பூத்துக்காரர் என்னைக் கூப்பிட்டுப் பக்குவமாகச் சொன்னார்.

“இங்க பேசுறதுக்குத்தான்மா பில்லு. நீ பேசுனா எனக்கு அஞ்சு பைசா வராது.”

மேனேஜரின் சட்டம்

அன்றைக்கே முடிவு செய்தேன். எனக்குச் சேலைதான் தொழில். சேலையை விட்டுவிட்டு உட்காரவும் மாட்டேன், உட்காராமல் காலைக் கெடுத்துக்கொள்ளவும் மாட்டேன். இனி எந்தக் கடையில் சேர்கிறேனோ அதுதான் கடைசிக் கடை. அங்கே உட்கார இடம் வாங்காமல் விடுவதில்லை.

அப்போது புதிதாக மாடி மாடியாக ஒரு கடை திறந்திருந்தார்கள். தரையெல்லாம் வழுவழு கல், ஏறுவதற்கு லிப்ட், கஸ்டமருக்குச் சுழல் ஸ்டூல். பாண்டியம்மாள் ஏற்கெனவே அங்கே இருந்தாள். நானும் சேர்ந்தேன். சேர்ந்த வாரமே ஃப்ளோர் மேனேஜர் சுந்தரம் சாரிடம் போய், கவுண்டருக்குப் பின்னால் ஆளுக்கொரு ஸ்டூல் கேட்டேன். ஆள் கெட்டவர் இல்லை, ஆனால் மேனேஜர். கூட்டம் இல்லாத நேரத்துக்குத்தான் கேட்கிறோம் என்றேன். கூட்டம் இல்லாத நேரத்தில் நீங்கள் நிற்பதைப் பார்த்துத்தான் கூட்டமே வரும் என்றார். கால் நரம்பு பற்றிச் சொன்னேன். தன் மனைவிக்கும் இருக்கிறது என்றார். பிறகு, பெரிய ரகசியத்தைச் சொல்வதுபோலக் கிட்டே வந்தார்.

“உக்காந்திருக்கிற பிள்ளையப் பாத்தா யாருக்கும்மா சேலை எடுக்கத் தோணும்?”

ஒட்டன்சத்திரத்துக் கூறைச்சேலை

தை மாதத்தில் ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு குடும்பம் வேன் வைத்துக்கொண்டு வந்தது. காய்கறிக் கமிஷன் மண்டிக்காரர்கள். மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டார், பெரியம்மா, சின்னம்மா என்று மாடியே நிறைந்துபோனது. சுந்தரம் சார் ஓடி ஓடி ஸ்டூல் இழுத்துப் போட்டார். பெண்ணின் பெரியம்மா ஸ்டூலைச் சுற்றிவிட்டுப் பார்த்தார். அது சுற்றியது அவருக்குப் பிடிக்கவில்லை. தோளில் இருந்த துண்டை வழுவழு தரையில் விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவரைப் பார்த்து எல்லோரும் தரையில் உட்கார்ந்தார்கள்.

நானும் பாண்டியம்மாளும் பட்டுச் சேலைகளைத் தூக்கிக்கொண்டு போய் அவர்கள் தலைக்கு மேலே நின்றோம். பெரியம்மா கையைக் காட்டி நிறுத்தினார். எங்களையும் உட்காரச் சொன்னார். கடையில் அதற்கு அனுமதி இல்லை என்று மெதுவாகச் சொன்னேன். அவர் சுந்தரம் சாரைத் திரும்பிப் பார்த்தார்.

“ஏனுங்க, கூறைச்சீலைய நின்னுட்டுக் குடுத்தா நாங்க வாங்கமாட்டமுங்க. குடுக்கறவங்களும் உக்காந்துதானுங்க குடுக்கோணும்.”

மெத்தை

சுந்தரம் சார் எங்களைப் பார்த்த பார்வையில் தரை சுட்டிருக்க வேண்டும். ஆனாலும் உட்கார்ந்தோம். அந்தக் குடும்பம் கூறைச்சேலையோடு நிற்காமல் ஊருக்கே சேலை எடுத்துக்கொண்டு போனது. மறுநாள் காலையில் அவர் திட்டுவதற்கு முன்னால் நான் மேல்மாடிக்கு ஏறி முதலாளியைப் பார்த்தேன். கால் வலியைப் பற்றி மூச்சு விடவில்லை. பழைய கடைகளில் பட்டுச் சேலைக்கென்று தரையில் வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தை இருக்கும், வாங்குகிறவரும் விற்கிறவரும் எதிரெதிரே உட்கார்ந்து சேலையை விரிப்பார்கள். பழனி, ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கல்யாண வீடுகள் நமக்கு வேண்டுமென்றால் அந்த மெத்தை வேண்டும் என்றேன். முந்தின நாள் வியாபாரம் அவர் கண் முன்னால் இருந்தது. வெயில் ஆரம்பிப்பதற்குள் மெத்தை வந்துவிட்டது.

சுந்தரம் சாரும் லேசில் விடவில்லை. மெத்தையில் கஸ்டமர் இருக்கிற வரைக்கும்தான் நாங்கள் உட்காரலாம், அவர்கள் எழுந்தால் நாங்களும் எழுந்துவிட வேண்டும் என்று உத்தரவு போட்டார். அப்படியானால் கஸ்டமரை எழுந்திருக்க விடக்கூடாது என்று நாங்கள் முடிவு செய்தோம். தண்ணீர் கொடுத்தோம், காபி வரவழைத்தோம், பிள்ளைகளின் படிப்பை விசாரித்தோம். இன்னும் ஒரே ஒரு சேலையை மட்டும் பார்த்துவிட்டுப் போங்கள் என்று மறுபடி மறுபடி விரித்தோம். நிலக்கோட்டையிலிருந்து வந்த ஒரு பூ வியாபாரி அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எடுத்து முடிச்சு, பில்லும் போட்டாச்சு தாயி. எங்கள வீட்டுக்கு விடு.”

முதலாளியின் வாய்தா

மெத்தையில் ஒரு நேரத்தில் இரண்டு பேருக்குத்தான் வேலை. முறை வைத்து மாறிக்கொண்டோம். மீதிப் பேர் கவுண்டரில் நின்றோம். பாண்டியம்மாள் கால் வீக்கம் இறங்கியபாடில்லை. ஐப்பசி பிறந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தீபாவளி முடிந்ததும் எதிர்க் கடைக்குப் போகப்போவதாகச் சொன்னாள். சம்பளம் கொஞ்சம் கூடவாம். அங்கேயும் நிற்கத்தான் போகிறாள். இன்னும் இரண்டு கடை மாறினால் அவள் காலால் பஸ் படியே ஏற முடியாது. அவளை விட்டுவிட்டு நான் மட்டும் மெத்தையில் உட்கார்ந்து என்ன செய்ய?

மறுபடி மேல்மாடிக்குப் போனேன். இந்தத் தடவை சேலைப் பேச்சே எடுக்கவில்லை, நேராகக் காலைப் பற்றித்தான் பேசினேன். வருஷா வருஷம் தீபாவளி முடிந்ததும் ஏன் ஆள் போகிறது, போன இடத்திலும் ஏன் நிலைப்பதில்லை, புதிதாக வருகிறவர்களுக்கு மூங்கா சேலை எது, வாயில் சேலை எது என்று சொல்லிக் கொடுப்பதற்குள் அவர்களும் ஏன் போய்விடுகிறார்கள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கவுண்டருக்குப் பின்னால் ஒரு பெஞ்சு போடுங்கள், வியாபாரம் குறைந்தால் அந்தப் பெஞ்சை நானே தலையில் சுமந்து இறக்கிவிட்டு அப்படியே வீட்டுக்குப் போய்விடுகிறேன் என்றேன். அவர் சுழல் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

“குடோன்ல ஒரு பழைய பெஞ்சு கிடக்கு, போட்டுக்கங்க. தீபாவளிக்குப் பெறகு எத்தனை பேரு நிக்கிறீங்க, எத்தனை பேரு ஓடுறீங்கன்னு பாப்போம்.”

யாரும் உட்காராத பெஞ்சு

பெஞ்சு வந்தது. ஒரு கால் ஆடியது, அட்டையை மடித்து முட்டுக் கொடுத்தோம். பாண்டியம்மாள் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

வந்ததுதான் வந்தது, அதற்குள் தீபாவளிக் கூட்டம் ஆரம்பித்துவிட்டது. கவுண்டரில் ஆள் மேல் ஆள் விழுந்தது. பெஞ்சில் உட்காரவா நேரம்? பிரித்த சேலைகளை மடிக்க நேரமில்லாமல் அதன்மேல் குவித்தோம். வெயில் சாய்கிற நேரத்தில் இரண்டு நிமிடம் விளிம்பில் ஒட்டிக்கொண்டு எழுந்தால் அதுவே பெரிது. வியாபாரம் குறைகிறதா என்று பார்க்கத் தினம் ஒரு தடவை முதலாளி இறங்கி வந்தார். எதற்கு இதைக் கேட்டு உயிரை வாங்கினோம் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. பண்டிகைக்கு முந்தின நாள் முதலாளி சேலைக் குவியலுக்கு அடியில் பெஞ்சைத் தேடிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“ஏம்மா, இம்புட்டுச் சண்டை போட்டு வாங்குனீங்க. ஒருத்தியும் உக்காந்து நான் பாக்கலையே?”

மறுவாரம்

தீபாவளி முடிந்து கடை திறந்த முதல் நாள் எனக்குத் தூக்கமே இல்லாமல் விடிந்தது. முந்தின நாளே பாண்டியம்மாள் எதிர்க் கடைக்குப் போய்ப் பேசிவிட்டு வந்ததாகச் செய்தி. அவள் போனால் அவள் பின்னாலேயே மற்றவர்களும் போவார்கள், பெஞ்சு மறுபடி குடோனுக்குப் போகும், நான் சொன்ன சொல்லுக்கு அதைத் தலையில் தூக்க வேண்டும். சீக்கிரமே போய் வாசலில் நின்றேன். ஒவ்வொருத்தியாக வந்தார்கள். வழக்கமாக மறுவாரத்தில் காணாமல் போகிறவர்களும் வந்தார்கள். வத்தலக்குண்டு பஸ் வரும் நேரம் தாண்டியது. அவள் மட்டும் வரவில்லை. நான் கவுண்டருக்குப் போனேன்.

முதலாளி இறங்கி வந்தார். கவுண்டர் ஓரமாகத் தலைகளைப் பார்த்துக்கொண்டே வந்தவர், யாரைக் காணோம் என்று கேட்டார். நான் படிப்பக்கம் பார்த்தேன். அப்போதுதான் பாண்டியம்மாள் படியேறி வந்தாள். காலைத் தாங்கித் தாங்கி, மூச்சு வாங்க வந்தாள். பஸ் லேட் என்றாள். முதலாளி விடவில்லை. எதிர்க் கடைக்குப் பேசி முடித்தாகிவிட்டது என்று கேள்விப்பட்டேனே, சம்பளமும் கூடத் தருகிறார்களாமே, ஏன் போகவில்லை என்று நேராகவே கேட்டுவிட்டார். அவள் பதில் சொல்வதற்கு முன்னால் கவுண்டருக்குப் பின்னால் வந்தாள். பெஞ்சில் கிடந்த சேலையை ஒதுக்கினாள். முதலாளி முன்னாலேயே, சுந்தரம் சார் முன்னாலேயே, உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் பேசினாள்.

“போகலாம்னுதான் மொதலாளி போனேன். அங்க பிள்ளைக பூராம் ஒத்தக் காலு மாத்தி ஒத்தக் காலு நிக்கிதுக. பாக்க முடியல. அதான் வந்துட்டேன்.”

முதலாளி மேலே ஏறிப் போனார், பெஞ்சு இருந்த இடத்திலேயே இருந்தது. நான் அதில் மொத்தமாக உட்கார்ந்த நேரத்தைச் சேர்த்தால் ஒரு சினிமா பார்க்கக்கூடக் காணாது என்றாலும், அதை எந்த மேனேஜரும் தூக்கிவிடாமல் காவல் காப்பதற்காகவே, கடை மாறுவதையே தொழிலாக வைத்திருந்த நான் அந்தக் கடையை விட்டு இன்றுவரை அசையவில்லை.